அப்பாவைக் கீழே இறக்கிவிட வேண்டுமா?

கேட்டிருப்பது இது. கோத்தகிரிப் பக்கம் ஒரு ஊர். அப்பாவுக்கு 64 வயது, முப்பது வருஷம் டீ ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். நுரையீரல் புற்றுநோய், நான்காம் நிலை என்று கோவையில் சொல்லியிருக்கிறார்கள். நடந்தால் மூச்சு வாங்குகிறது. 'மலையில் காற்று மெலிசு, உடனே கோயமுத்தூருக்கு வீடு மாற்று' என்று சொந்தக்காரர்கள் நெருக்குகிறார்கள். அப்பா அசைய மாட்டேன் என்கிறார். நோயின் பெயரை அவரிடம் இன்னும் சொல்லவில்லை, நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். மகள் ஒருத்தியே எல்லாவற்றையும் சுமக்கிறார். என்ன செய்வது, யாரிடம் துணை கேட்பது?

தங்கச்சி, நான் நீலகிரியில் இருபது வருஷத்துக்கு மேல் நர்ஸாக இருந்தவள். கடைசி ஒன்பது வருஷம் வீடு வீடாகப் போய்ப் புற்றுநோய் வந்தவர்களைப் பார்க்கிற வேலை. என் சித்தப்பாவுக்கும் இதே நோய்தான் வந்தது. அதனால் முதலில் உங்கள் கேள்விக்கே பதில் சொல்லிவிடுகிறேன். சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள் என்பதற்காக மட்டும் அப்பாவை இறக்காதீர்கள். விரலில் மாட்டும் கருவி என்ன காட்டுகிறது, மூச்சு வாங்க வேறு காரணம் இருக்கிறதா, கீழே போனால் அவரோடு பகல் முழுக்க யார் இருப்பார்கள் என்ற மூன்றையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். தெரியாத ஊரில் மாடி வீட்டில் நாலு சுவருக்குள் சுருண்டுபோனவர்களை நான் பார்த்திருக்கிறேன். இறக்கியே ஆக வேண்டும் என்ற நிலைமையும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

காற்று மெலிசு என்பது பொய்யில்லை. கோத்தகிரியும் குன்னூரும் ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரம், ஊட்டி 2,240. மேட்டுப்பாளையம் சுமார் 300தான். காற்றில் ஆக்ஸிஜனின் பங்கு எங்கேயும் ஒன்றுதான். ஆனால் மேலே வர வர அழுத்தம் குறைவதால், ஒரு மூச்சில் கிடைக்கிற ஆக்ஸிஜன் கடற்கரை ஊரைவிட நமக்கு ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஊட்டியில் கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு. இங்கேயே வாழ்ந்த உடம்பு அதற்குப் பழகியிருக்கும். நுரையீரலில் ஒரு பகுதி வேலை செய்யாமல் போகும்போதுதான் அந்தக் குறைவு தெரிய ஆரம்பிக்கும்.

விரலில் மாட்டினால் ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்ஸிமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மெடிக்கல் கடையிலேயே கிடைக்கும். காலையில் ஜில்லென்ற விரலில் மாட்டினால் தப்பாகக் குறைத்துக் காட்டும். நம் ஊரில் பாதிப் பயம் இதனால்தான் வருகிறது. அப்பா ஐந்து நிமிஷம் உட்கார்ந்து, கையைத் தேய்த்துச் சூடாக்கிய பிறகு மாட்டி, எண் நிலையாக நின்றதும் எழுதுங்கள். பாத்ரூம் வரை நடந்து வந்ததும் ஒரு தடவை. மூன்று நாள் இப்படி எழுதினால் டாக்டருக்கு ஒரு தெளிவு கிடைக்கும். மலையில் நன்றாக இருக்கிறவர்களுக்கே கோவையில் காட்டுவதைவிட இரண்டு மூன்று புள்ளி குறைவாக வரலாம், 94ஐப் பார்த்துப் பதற வேண்டாம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே தொடர்ந்து 88 அல்லது அதற்குக் கீழே என்றால்தான் வீட்டில் ஆக்ஸிஜன் வைக்கும் பேச்சு வரும்.

இன்னொன்றை மறந்துவிடாதீர்கள். மூச்சு வாங்குவதற்கு எல்லாம் மலையே காரணமில்லை. நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கலாம், ரத்தம் குறைந்திருக்கலாம், சளிக் காய்ச்சல் இருக்கலாம், நுரையீரலில் ரத்தக் கட்டி அடைத்திருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் உண்டு. என் சித்தப்பாவை, 'கீழே கூட்டிட்டுப் போனா சரியாயிடும்' என்று காரில் படுக்க வைத்தே இறக்கினார்கள். அங்கே போயும் அதே இளைப்பு. ஸ்கேன் பார்த்தால் ஒரு பக்கம் முழுக்க நீர். ஒரு லிட்டருக்கு மேல் எடுத்தார்கள். அன்று சாயங்காலம் தலையணை இல்லாமல் சாய்ந்து படுத்து, 'கஞ்சி இருக்கா?' என்று கேட்டார். இதையெல்லாம் விசாரிக்க முதலில் ஊட்டியிலேயே பாருங்கள். 2025 ஏப்ரலில் 700 படுக்கைகளோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறந்த பிறகு, எதற்கெடுத்தாலும் கோவைக்கு ஓட வேண்டிய கட்டாயம் இல்லை.

வைத்தியத்தைப் பற்றி ஒரே ஒரு விஷயம், ஆனால் முக்கியமான விஷயம். கட்டியிலிருந்து சதை எடுத்துப் பார்த்த பயாப்ஸி ரிப்போர்ட்டில் அடினோகார்சினோமா என்ற வகை எழுதியிருந்தால், ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கே என்ற மரபணுச் சோதனைகள் செய்தாயிற்றா என்று கேளுங்கள். நம் நாட்டில் அந்த வகை வந்தவர்களில் நாலில் ஒருவர் அளவுக்காவது ஈஜிஎஃப்ஆர் மாற்றம் இருக்கிறது. பீடி சிகரெட் தொடாதவர்களிடம் இது இன்னும் அதிகம். இருந்தால் கீமோ ஊசிக்குப் பதிலாக வீட்டிலேயே தினமும் ஒரு மாத்திரை போட்டுக்கொள்ளும் வழி பலருக்குக் கிடைக்கிறது. மலையிலிருந்து மாசத்துக்கு எத்தனை தடவை இறங்குவது என்ற கணக்கே அதோடு மாறிப்போகும். என் சித்தப்பாவுக்கு முதலில் டிபி என்று நாலு மாசம் மாத்திரை கொடுத்தார்கள். எக்ஸ்ரேயில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும் என்பதால் இது நிறையப் பேருக்கு நடக்கிறது. போன நாலு மாசத்தைப் பற்றி நாங்கள் அழுதுகொண்டிருந்ததில், இந்தச் சோதனையைக் கேட்கவே இன்னொரு மாசம் ஆகிவிட்டது. நீங்கள் அந்த மாசத்தை இழக்கக் கூடாது. அந்த வகையில் ஜெஃபிடினிப், எர்லோடினிப் போன்ற மாத்திரை எழுதினால், நெஞ்செரிச்சலுக்கு வீட்டில் கிடக்கிற கேஸ் மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் கூடவே கொடுக்காதீர்கள். மருந்து உடம்பில் சேராமல் போகும்.

இப்போது வீட்டுக்குள். நம் ஊர் வீடுகளில் ஃபேன் கிடையாது. பனிக்குப் பயந்து ஜன்னலை இறுக்கிச் சாத்தி, நோயாளியைக் கம்பளிக்குள் பொதிந்து வைப்போம். மூச்சு வாங்குகிறவருக்கு அது மூச்சை இன்னும் முட்டச் செய்யும். முகத்தில் காற்று படுவதே இளைப்பைத் தணிக்கும், இது சோதித்துப் பார்த்து நிரூபித்த விஷயம். நெஞ்சையும் காதையும் நன்றாக மூடிவிட்டு, ஜன்னலை நாலு விரல் திறந்து வையுங்கள். பேட்டரியில் ஓடும் சின்னக் கை ஃபேனை மூக்குக்கும் கன்னத்துக்கும் நேராகப் பிடியுங்கள். மேசைமேல் இரண்டு தலையணை போட்டு, அதில் கையை ஊன்றி முன்னால் சாய்ந்து உட்காரச் சொல்லுங்கள். மூக்கால் இழுத்து, சுடச்சுட இருக்கிற டீயை ஊதி ஆற்றுவதுபோல உதட்டைக் குவித்து மெல்ல விடச் சொல்லுங்கள். ஃபேக்டரியில் முப்பது வருஷம் இருந்தவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. நான் ஒரு டம்ளர் டீயைக் கையில் கொடுத்துத்தான் பழக்குவேன்.

குளிருக்காக இரும்புச் சட்டியில் கரி அள்ளி அறைக்குள் வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்ஸைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது. நீங்கள் நம்பி வைத்திருக்கிற ஆக்ஸிமீட்டரும் அந்த நேரத்தில் எல்லாம் சரி என்றே காட்டும். சூடு தண்ணீர்ப் பை, இரட்டைக் கம்பளி போதும். விறகடுப்பு வேலையை அவர் இருக்கும் அறைக்கு வெளியே கொண்டுபோங்கள். நீலகிரித் தைலம் நம் வீட்டு மருந்துதான், ஆனால் கொதிக்கிற தண்ணீரில் தாராளமாக ஊற்றி ஆவி பிடித்தால் சிலருக்கு இருமல் கட்டுப்படாமல் கிளம்பிவிடுகிறது. அவருக்கு ஒத்துவந்தால் ஒரு சொட்டு, இல்லையென்றால் வேண்டாம்.

ஆக்ஸிஜன் மெஷின் வைக்கும்படி டாக்டர் சொன்னால், அது கரண்டில் ஓடுவது என்பதை நினைவில் வையுங்கள். மழைக்காலத்தில் மரம் விழுந்து இரண்டு நாள் கரண்ட் போகிற ஊர் நம்முடையது. மெஷினோடு ஒரு சிலிண்டரும் கட்டாயம் வேண்டும். அது எத்தனை மணி நேரம் வரும் என்று கொடுக்கிறவரிடமே கேட்டுச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். அதன் பக்கத்தில் அடுப்பு, விளக்கு, பீடி எதுவும் கூடாது.

பாதையைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்லியே ஆக வேண்டும். மலையில் புற்றுநோயோடு இருப்பவர்களைப் பாதி களைக்க வைப்பது நோய், மீதி பாதை. கீமோவுக்கு முன்னால் ரத்தப் பரிசோதனை உண்டு. அணுக்கள் குறைவாக இருந்தால் 'அடுத்த வாரம் வாங்க' என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் முந்தின நாளே கோத்தகிரியில் ரத்தம் கொடுத்து, ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பி, 'கிளம்பலாமா?' என்று கேட்டுவிட்டு வண்டி ஏறுங்கள். வாந்தி மாத்திரையை வளைவு தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே கொடுங்கள், முன் சீட்டில் உட்கார வையுங்கள். கீமோ முடிந்த அன்றே மலையேற வேண்டாம், முடிந்தால் ஒரு ராத்திரி கீழே தங்குங்கள். கதிர்வீச்சு என்றால், 'நாங்கள் மலையிலிருந்து வருகிறோம், நாட்களைக் குறைக்க முடியுமா?' என்று வாய்விட்டுக் கேளுங்கள். எலும்பு வலிக்கு ஒரே ஒரு தடவை கொடுத்தாலே போதும் என்ற நிலைமைகள் நிறைய உண்டு. கேட்காததால் பத்து நாள் லாட்ஜில் கிடந்தவர்களை எனக்குத் தெரியும். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் குஞ்சப்பனை வழியில் பலாப்பழக் காலத்தில் யானை நிற்கும், இருட்டுவதற்குள் தாண்டிவிடுங்கள். மழைக்காலத்தில் அந்தப் பாதை அடைத்தால் குன்னூர் வழி திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். 2009 நவம்பரில் மண் சரிந்து பாதைகள் துண்டானதை நம் ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஐப்பசி கார்த்திகையில் இரண்டு வாரத்து மருந்தாவது வீட்டில் கூடுதலாக இருக்கட்டும்.

இனி துணை. ஆஸ்பத்திரியில் 'பேலியேட்டிவ்' என்று ஒரு வார்த்தை சொல்வார்கள். தமிழில் ஆதரவு சிகிச்சை. அதைக் கேட்டதும், 'கைவிட்டுட்டாங்க' என்று வீடே அழும். அப்படி இல்லை. வலி, இளைப்பு, தூக்கமின்மை, பயம், வீட்டில் இருப்பவர்களின் களைப்பு எல்லாவற்றையும் பார்க்கிற வைத்தியம் அது. கீமோ நடக்கும்போதே கூட நடக்க வேண்டியது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் முற்றிய நுரையீரல் புற்றுநோய் வந்த 151 பேரை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு ஆரம்பத்திலிருந்தே இதையும் சேர்த்துக் கொடுத்தார்கள். 2010-ல் முடிவு வந்தது. இதையும் சேர்த்து வாங்கியவர்களிடம் மனச்சோர்வு குறைவாக இருந்தது. கடைசி நாட்களில் தீவிர சிகிச்சை வாங்கியவர்களும் அவர்களில் குறைவு. ஆனாலும் மற்றவர்களைவிடச் சராசரியாக இரண்டரை மாசத்துக்கு மேல் கூடுதலாக வாழ்ந்தார்கள். நான் ஒவ்வொரு வீட்டிலும் இதைத்தான் முதலில் சொல்வேன்.

உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அப்பாவின் பெயரைப் பதியச் சொல்லுங்கள். 2021 ஆகஸ்டில் வந்த திட்டம். பலர் பிபி, சுகர் மாத்திரைக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள். வீட்டுக்கே வந்து ஆதரவு சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் கொடுப்பது அதில் உண்டு. கோவையில் வைத்தியம் நடக்கிற இடத்தில் இந்தப் பிரிவு இருக்கிறதா என்றும் கேளுங்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் இருப்பவர்களுக்குக் கோழிக்கோடு கிட்டம். 1993-ல் அங்கே மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய சின்ன கிளினிக்கிலிருந்து வளர்ந்த ஆதரவு சிகிச்சைதான் இன்று மலபார் முழுக்க அக்கம்பக்கத்தவர்களே கூடி நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடாகி நிற்கிறது.

மார்ஃபின் எழுதினால் பயப்படாதீர்கள். வலிக்கு மட்டுமல்ல, எதனாலும் அடங்காத இளைப்புக்கும் சின்ன அளவில் கொடுப்பார்கள். சொன்ன அளவில் கொடுத்தால் அது அடிமையாக்காது, உயிரையும் குறைக்காது. 2014-ல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்திய பிறகு, அங்கீகாரம் பெற்ற ஆஸ்பத்திரிகளில் வாங்குவது முன்பைவிடச் சுலபம். மலச்சிக்கல் மட்டும் நிச்சயம் வரும். அதற்கான மருந்தையும் முதல் நாளிலிருந்தே கேட்டு வாங்குங்கள்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். ரேஷன் கார்டு, வருமானச் சான்று வேண்டும். 1800 425 3993-க்குப் பேசினால் எந்த ஆஸ்பத்திரியில் எது சேரும் என்று சொல்வார்கள். சென்னைக்குப் போக நேர்ந்தால், ஆஸ்பத்திரி கையெழுத்துப் போட்ட படிவத்தைக் காட்டினால் ரயிலில் நோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் கட்டணம் இல்லை, கூட வருபவருக்கு முக்கால் பங்கு குறைவு.

அப்பாவிடம் மறைக்கிறீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். உங்களைக் குறை சொல்ல மாட்டேன், அன்பினால்தான் எல்லோரும் மறைக்கிறார்கள். குன்னூர் பக்கத்து எஸ்டேட்டில் ஒரு பெரியவர் இருந்தார். வீட்டில் 'டிபி மாதிரி ஒண்ணு' என்று சொல்லி வைத்திருந்தார்கள். நான் ஊசி போட்டுவிட்டுக் கிளம்பும்போது, மகனை டீ போட அனுப்பிவிட்டு என் கையைப் பிடித்தார். 'சிஸ்டர், புற்றுநோய்ப் பிரிவுன்னு எழுதின போர்டுக்குக் கீழ மூணு மணி நேரம் என்னை உட்கார வெச்சாங்க. எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதா? புள்ளைங்க அழுவாங்களேன்னுதான் நானும் தெரியாத மாதிரி இருக்கேன்.' அந்த வீட்டில் ஐந்து பேர். ஐந்து பேரும் தனித்தனியாகக் கொல்லைப்பக்கம் போய் அழுதுகொண்டிருந்தார்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டாம். நீங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கும் ஒரு சாயங்காலம், 'டாக்டர் சொன்னதுல உங்களுக்கு என்னப்பா புரிஞ்சுது?' என்று கேளுங்கள். அவர் எவ்வளவு தூரம் வருகிறாரோ அவ்வளவு தூரம் கூடப் போங்கள். 'போதும்மா' என்றால் அங்கேயே நிறுத்துங்கள். அந்தப் பெரியவரிடம் மகன் பேசிய பிறகு அவர் கேட்டது இரண்டே விஷயம். கூட்டுறவு பேங்க் கடனை யார் கட்டுவது, மார்கழியில் வரும் படுகர்களின் ஹெத்தை அம்மன் பண்டிகைக்குப் பேரகணிக்கு ஒரு தடவை போக முடியுமா. இரண்டும் நடந்தது. யாராவது வந்து, 'பீடி குடிச்சதுக்குத்தான் இது' என்று அவர் காதுபட ஆரம்பித்தால், நீங்கள் தயங்காமல் பேச்சை நிறுத்துங்கள். புகையே தொடாதவர்களுக்கும் இந்த நோய் வருகிறது. அப்பா இன்னும் புகைத்துக்கொண்டிருந்தால் இப்போது விடுவதும் பலன் தரும், அதற்கு உதவி கேட்கலாம். ஆனால் குற்ற உணர்ச்சி அவருக்கு எந்த வைத்தியமும் செய்யாது.

உங்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தனியாகச் சுமக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். பார்க்க வருகிறவர்கள் வர்க்கியும் ஹார்லிக்ஸும் கொண்டுவந்து வைத்துவிட்டு, 'ஏதாவது வேணும்னா சொல்லும்மா' என்று கிளம்புவார்கள். அப்போதே சொல்லிவிடுங்கள். ஒரு நோட்டில் வேலைகளை எழுதி ஆள் பெயரைப் போடுங்கள். காப்பீட்டுக் கடுதாசிகளை அலைந்து பார்க்க ஒரு தம்பி. புதன்கிழமை ராத்திரி அப்பாவோடு படுக்க ஒரு அத்தை, அன்று நீங்கள் வேறு வீட்டில் தூங்க வேண்டும். சாயங்காலம் அவரோடு உட்கார்ந்து பச்சைத்தேயிலை விலை பேச அவருடைய பழைய ஃபேக்டரிக் கூட்டாளி. கீழ் ஊர்களிலிருந்து வர நினைக்கும் சொந்தக்காரர்களிடம் இ-பாஸ் எடுக்கச் சொல்லிவிடுங்கள். 2024 மே முதல் வெளி மாவட்ட வண்டிக்கு அது வேண்டும், செக்போஸ்டில் நிற்க வேண்டாம். உங்களுக்கே ராத்திரி தூக்கம் வராமல் மனசு அடைத்தால் 14416-க்குப் பேசுங்கள். அரசின் மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.

அந்த நோட்டில் இன்னும் நாலு பெயர் வேண்டும். நம் வீடுகள் பலவும் டீத்தோட்டத்துக்கு நடுவில் படிக்கட்டு இறங்கித்தான் இருக்கும், 108 வண்டி மேலே ரோட்டிலேயே நின்றுவிடும். நடுராத்திரியில், காட்டெருமை திரிகிற பாதையில், நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு ஏற நாலு ஆள் யார்? முன்கூட்டியே கேட்டு வையுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், கைப்பிடி உள்ள மர நாற்காலி.

காத்திருக்கக் கூடாத நேரங்கள் இவை: கீமோ நடக்கும் நாட்களில் 100.4 டிகிரியோ அதற்கு மேலோ காய்ச்சல், திடீரென்று கூடிய இளைப்பு, இருமலில் ரத்தம், முகமும் கழுத்தும் வீங்குவது, முதுகு வலியோடு கால் மரத்துப்போவது அல்லது சிறுநீர் கட்டுவது. விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

கீழே இறக்குவது எப்போது சரி? நீர் எடுத்து, ரத்தம் ஏற்றி, காய்ச்சலைக் குணமாக்கிய பிறகும் எண் 88-க்கு மேல் ஏறவில்லை, வீட்டில் ஆக்ஸிஜனை நம்ப முடியாத அளவுக்குக் கரண்ட் போகிறது என்றால் இறக்கலாம். தினமும் கதிர்வீச்சு ஓடுகிற வாரங்களுக்கு மட்டும் இறக்கலாம். அப்போதும் கோவைதான் என்றில்லை. மேட்டுப்பாளையத்திலோ காரமடையிலோ உறவு இருந்தால் அதுவே போதும், காற்று அங்கேயே கனத்துவிடும். எதுவானாலும் அப்பாவிடம் விஷயத்தைச் சொன்ன பிறகு, அவரையே கேட்டுவிட்டுச் செய்யுங்கள். மூன்று நாள் எண்களை எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள். காலையில் எடுத்தது எது, நடந்துவந்து எடுத்தது எது என்று தனித்தனியாகக் குறித்திருக்கட்டும்.